பன்னிரண்டு தாள்களில் மூன்று

என்னை ஓவியர் என்று யாராவது சொன்னால் இப்போதும் எனக்குத் திருதிருவென்று விழிக்கத்தான் வருகிறது. என் வேலை போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளுவது. மேலே 'பொருள்' என்று ஒரு வரி இல்லாத காகிதம் எதையும் இருபது வருடமாக நான் அடுத்த மேசைக்கு அனுப்பியதில்லை. அப்படிப்பட்டவள், என்னவென்று தனக்கே புரியாத பன்னிரண்டு தாள்களைச் சுவரில் மாட்டிவிட்டு, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றேன். என்ன விளக்கம் சொன்னேன் என்று கேட்டால் நினைவில்லை. கேட்டவர்களுக்கும் நினைவிருக்காது என்றுதான் நம்புகிறேன்.

அதற்கு முன்னால் எல்லோரும் வரைவதைத்தான் நானும் வரைந்தேன். சூரியன் கடலில் இறங்குவது, தென்னை சாய்ந்து நிற்பது, கிளி. லம்பா லைனில் குடியிருப்பு. கணவருக்கு வேலை திக்லிபூரில், மாதம் ஒருமுறை வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் குழம்பும் பொரியலும் டப்பாவில் கட்டிக்கொண்டு பஸ் பிடித்து சிப்பிகாட்டுக்குப் போவேன். அங்கே என் அண்ணன் டிங்கிப் படகுகளின் எஞ்சின் பழுது பார்க்கும் ஷெட் வைத்திருக்கிறான். தனிக்கட்டை. ஒருவேளையாவது ஒழுங்காகச் சாப்பிடட்டும் என்று போவேன். அவன் சாப்பிட்டுவிட்டு எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொள்வான், நான் ஓடைக்கரையில் உட்கார்ந்து என் சூரியனை வரைவேன்.

ஓடை என்று சொல்கிறேனே தவிர அது ஓடை இல்லை. சுனாமிக்கு முன்னால் அங்கே நெல் விளைந்தது. நிலம் இறங்கி, கடல் உள்ளே வந்து, வந்தது திரும்பிப் போகாமல் தங்கிவிட்டது. தினமும் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வடியும். அண்ணனின் ஷெட்டுக்கு எதிரே தண்ணீராகக் கிடப்பது பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவரின் வயல். அண்ணனும் நானும் அவரை அவர்கள் வழக்கப்படி 'தாதா' என்று கூப்பிடுவோம், அண்ணா என்று அர்த்தம். வயல் போன பிறகு அவர் அந்தத் தண்ணீரிலேயே வாத்து வளர்த்தார். மொத்தம் பதினாலு வாத்து. காலையில் திறந்துவிட்டால் தாங்களே போய்த் தாங்களே திரும்பும்.

ஒரு நாள் காற்றில் என் தாள் ஒன்று பறந்து தண்ணீரில் விழுந்தது. மெயின்லேண்டிலிருந்து வரவழைத்த நல்ல தாள், வயிறு எரிந்தது. எடுத்துப் பார்த்தால், அதன்மேல் நான் வரையாத ஒன்று இருந்தது. பழுப்பில் வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்று, நடுவே கறுப்பில் பிசிறு. தண்ணீரில் மிதந்த எண்ணெய்ப் படலம் அப்படியே தாளில் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் எஞ்சினிலிருந்து இறக்கும் வேஸ்ட் ஆயிலைக் கரையில்தான் கொட்டுவான். எல்லா ஷெட்டிலும் அப்படித்தான், யாரும் அதைப் பற்றி யோசித்தது கிடையாது. நானும்தான்.

அன்று நான் வரைந்த சூரியனையும் இந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சூரியன் பொய்யாக இருந்தது. எனக்குக் கோபம் கூட வந்தது. இத்தனை வருடம் கையொடிய வரைந்தவளை விட்டுவிட்டு, ஒரு சாக்கடை எண்ணெய் தானே வந்து தாளில் உட்கார்ந்து அழகாக இருக்கிறதே என்று. அழகு என்று நினைத்ததும் குற்றமாக இருந்தது. இந்தக் குழப்பம் அன்றைக்கு ஆரம்பித்தது.

பிறகு ஞாயிறுதோறும் அதையே செய்தேன். தாளை ஒரு ஓரத்திலிருந்து மெல்ல இறக்க வேண்டும். அழுத்தக் கூடாது. மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு ஒரே இழுப்பில் தூக்க வேண்டும். தண்ணீரில் இருக்கும்போது தெரிகிற வானவில் நிறமெல்லாம் காய்ந்ததும் போய்விடும். பழுப்பும் கறுப்பும்தான் மிஞ்சும். கொடியில் காயப்போட்ட தாளைப் போட்டோ எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். டீ கொட்டிவிட்டதா என்று கேட்டார்.

அண்ணன் அப்படிக் கேட்கவில்லை. ஷெட்டில் வரிசையாகத் தொங்கிய தாள்களைக் கை துடைத்துக்கொண்டே பார்த்தான். இது என்ன என்றான். உன் ஆயில்தான் என்றேன். நான் குத்திக்காட்டச் சொன்னேனா, சும்மா தகவலாகச் சொன்னேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவன் ரொம்ப நேரம் பார்த்தான். அடுத்த ஞாயிறு நான் போனபோது ஷெட்டின் பின்னால், இரண்டு மரக்கட்டைகள் மேல் ஒரு பெரிய இரும்பு டிரம் படுத்திருந்தது. கீழே குழாய், மேலே மூடி. இனி ஒரு சொட்டுக்கூடத் தண்ணீருக்குப் போகாது என்றான்.

"ஊத்தறத பந்த் பண்ணிட்டேன் பாப்பா. நெறஞ்சா ஜஹாஸ்ல மெயின்லேண்டுக்கு அனுப்பிடலாம். தாதாகிட்டயும் சொல்லிட்டேன்."

ஜஹாஸ் என்றால் கப்பல். தாதாவிடம் அவனே போய்ச் சொல்லியிருக்கிறான். உங்கள் வயல்மேல் இத்தனை நாள் ஊற்றினேன், இனி ஊற்ற மாட்டேன் என்று. என் அண்ணன் வாயிலிருந்து அத்தனை பெரிய பேச்சு வருவது அபூர்வம். எனக்குப் பெருமையாக இருந்தது. ஓர் ஓவியத்தால் இவ்வளவு நடக்குமா என்று பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அதே வாரம்தான் நகரத்தில் படக் கண்காட்சிகள் நடத்தும் ஒரு பெண்மணி என் தாள்களைப் பார்த்தார். மெயின்லேண்டிலிருந்து வந்தவர், கறாரானவர். கடல் அசுத்தமாவது பற்றி ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம். இதுவரை வந்ததெல்லாம் பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்ட ஆமைப் படங்களாம், அலுத்துவிட்டதாம். இது அரூபமாக இருக்கிறது, ஆனால் கை வைத்தால் டீசல் வாசம் வருகிறது, இதுதான் வேண்டும் என்றார். தலைப்பெல்லாம் வேண்டாம், ஒன்று, இரண்டு என்று எண் போடுங்கள், பன்னிரண்டு தாள் கொடுங்கள் என்றார். என்னிடம் ஒன்பதுதான் இருந்தது. சரி என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு தாளோடு போய் ஓடையில் நின்றால், தண்ணீர் சுத்தமாக இருந்தது. நடுவில் இரண்டு நாள் நல்ல மழை. ஏற்றமும் வடிதலும் சேர்ந்து எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போயிருந்தன. குனிந்தால் என் முகமும், அடியில் மணலும், அதில் ஓடுகிற சின்ன நண்டும் தெரிந்தன. ஒரு தாளை இறக்கித் தூக்கினேன். ஈரத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை.

அப்போது எனக்குள் எழுந்தது என்ன என்பதை மறைக்காமல் சொல்கிறேன்: எரிச்சல். இவனை யார் இவ்வளவு சீக்கிரம் திருந்தச் சொன்னது என்று அண்ணன்மேல் எரிச்சல். தண்ணீர் சுத்தமாக வேண்டும் என்றுதானே இந்தப் படங்கள்? அப்படியானால் சுத்தமான தண்ணீரைப் பார்த்து ஏன் எனக்கு அழுகை வருகிறது? எனக்கு வேண்டியது தண்ணீரா, தாளா? கரையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்க மண்டை காய்ந்ததே ஒழிய விடை வரவில்லை.

அண்ணன் சரிசெய்த எஞ்சின் ஒன்றைக் கொடுக்க வெளியே போயிருந்தான். நான் ஷெட்டின் பின்னால் போனேன். பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டில் ஒன்றில் டிரம்மின் குழாயைத் திறந்து பிடித்தேன். பாட்டில் நிறைய இல்லை, முக்கால்தான். இது ஏற்கனவே இங்கே ஊற்றப்பட்டிருக்க வேண்டிய எண்ணெய்தானே என்று எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டேன். அலுவலகத்தில் அப்படி எழுதிப் பழக்கம். தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும் நேரம், மிஞ்சியதைக் கடல் கொண்டு போய்விடும் என்றும் கணக்குப் போட்டேன். போன ஞாயிறு அதே நேரத்தில் வடிந்துகொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்திருந்தேன்.

ஓடையில் ஊற்றி மூன்று தாள் எடுத்தேன். மூன்றும் பிரமாதமாக வந்தன. பழைய ஒன்பதில் எதுவும் அப்படி வந்ததில்லை.

ஞாயிறு மட்டும் கடலைப் பார்க்கிறவள் செய்கிற தவறு அது. தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், ஏற்றமும் வடிதலும் ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். ஏழு நாளில் எல்லாம் தலைகீழாகிவிடும். போன ஞாயிறு வடிந்த நேரத்தில் இந்த ஞாயிறு தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஊற்றியது கடலுக்குப் போகவில்லை. உள்ளே, தாதாவின் வாத்துகள் மேய்கிற பக்கம் போனது.

மறுநாள் அலுவலகத்தில் இருக்கும்போது அண்ணன் போன் செய்தான். நாலு வாத்துக்கு இறகெல்லாம் எண்ணெய், மிதக்க முடியாமல் கரையேறி நடுங்கிக்கொண்டு நின்றிருக்கின்றன. வாத்தின் இறகில் எண்ணெய் பட்டால் உள்ளே தண்ணீர் இறங்கிவிடுமாம், எனக்கு அதுவரை தெரியாது. தாதா ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்து நின்றாராம். சத்தம் போடவில்லையாம். நீதானே நிறுத்திவிட்டேன் என்றாய் என்று மட்டும் கேட்டாராம். அண்ணன் நாலையும் வாங்கி, பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு வெந்நீரில் கழுவியிருக்கிறான். மூன்று பிழைத்தன. ஒன்று செத்துப்போனது.

போனை வைத்துவிட்டு நான் அவனிடம் என்ன சொன்னேன் என்று யோசித்தேன். 'ஐயோ பாவம்' என்று சொல்லியிருந்தேன். அவ்வளவுதான்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அடுத்த ஞாயிறு போனேன். போனால், அண்ணன் டிரம்மைக் காலி செய்து, அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு குச்சியில் கோடு கிழித்து உள்ளே விட்டு அளந்துகொண்டிருந்தான். ஓட்டை இருக்கிறதாம். தான் ஊற்றவில்லை, ஆகவே டிரம்தான் ஒழுகியிருக்க வேண்டும். அதைத் தவிர வேறு எதுவும் அவன் புத்தியில் வரவில்லை. தண்ணீர் மட்டம் கோட்டைவிட்டு இறங்கவே இல்லை. குச்சியைச் சந்தேகப்பட்டு வேறு குச்சி வெட்டினான். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் பஸ் வந்துவிட்டது.

அதற்கடுத்த வாரம் குழாயை மாற்றியிருந்தான். அதற்கடுத்த வாரம் மறுபடியும் மாற்றியிருந்தான். டிரம்முக்கு அடியில் பழைய செய்தித்தாள் விரித்து, காலையில் எழுந்ததும் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பானாம். ஒருநாள்கூட விழவில்லை. வெயிலில் இரும்பு விரியும்போது மட்டும் ஒழுகுகிறதோ என்று உச்சி வெயிலில் போய் உட்கார்ந்தான். படகு எஞ்சினின் சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்டே எந்த வால்வு போயிருக்கிறது என்று சொல்கிறவன் அவன். ஒரு டிரம்மில் ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியாதது அவனை என்னவோ செய்தது. பொருத்தி முடித்த எஞ்சினையெல்லாம் திரும்பப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தான். படகுக்காரர்கள் வந்து காத்திருந்து, முணுமுணுத்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் சொல்வது முந்தைய ஞாயிற்றைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது. முதல் வாரம் சொல்லியிருந்தால் நான் எண்ணெய் ஊற்றியவள் மட்டும்தான். இப்போது சொன்னால், பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவளும் ஆவேன். இதற்கிடையில் கண்காட்சிப் பெண்மணி அழைப்பிதழ் அச்சடித்து அனுப்பினார். முகப்பில் போட்டிருந்தது என் பதினோராவது தாள். நான் ஊற்றி எடுத்த மூன்றில் நடுவில் உள்ளது. எல்லாவற்றிலும் இதில்தான் உண்மை இருக்கிறது என்று போனில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அண்ணனிடம் சொல்வதைவிட வெளியாளிடம் சொல்வது சுலபமாகத் தெரிந்தது. நாலாவது வாரம் தாதாவின் வீட்டுக்குப் போனேன். அவர் வாத்துகளைக் கரையோரம் வலை கட்டி அடைத்து வைத்திருந்தார். எனக்குத் தெரிந்த இந்தியில், மடமடவென்று, நான்தான் ஊற்றினேன், படத்துக்காக ஊற்றினேன், அண்ணனுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லி முடித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். படத்துக்காக எண்ணெயா என்றார். ஆமாம் என்றேன். தாளைத் தண்ணீரில் வைத்து எடுப்பதைக் கையால் செய்து காட்டினேன். அவர் முகத்தில் மெல்ல ஓர் இரக்கம் வந்தது.

"தும் பஹுத் அச்சா பஹன் ஹை," என்றார். "மகர் ஜூட் மத் போலோ."

நல்ல தங்கைதான், ஆனால் பொய் சொல்லாதே. அண்ணனுக்காகப் பழியை ஏற்க வந்திருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். எத்தனை விதமாகச் சொல்லியும் பயனில்லை. சொல்லச் சொல்ல என் பாசம் அவர் கண்ணில் கூடிக்கொண்டே போனது. கிளம்பும்போது நாலு வாத்து முட்டை கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அதை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவித்துத் தின்றேன் என்று கேட்காதீர்கள். தின்றேன்.

கண்காட்சி நடந்தது. வந்தவர்கள் நின்று நின்று பார்த்தார்கள். ஒருவர் புயல் என்றார், ஒருவர் நிலா என்றார், ஓர் ஆசிரியை கருப்பையில் உள்ள குழந்தை என்றார். எல்லோருக்கும் தலையாட்டினேன். பதினோராம் எண்ணுக்கு முன்னால்தான் கூட்டம். முதல் ஒன்பதுக்கும் கடைசி மூன்றுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன், கேட்கவில்லையே என்றும் வருத்தமாக இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்கும் என்றால், இருந்தது.

கடைசி நாள் மதியம், கூட்டமில்லாத நேரத்தில் அண்ணன் வந்தான். சலவைச் சட்டை, நகத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகப் பார்த்தான். மற்றவர்கள் போல நிலா, புயல் என்று அவன் சொல்லவில்லை. இது டீசல் எஞ்சின் ஆயில் என்றான். இது கியர் ஆயில், சீல் போய்த் தண்ணீர் கலந்திருக்கிறது, அதுதான் டீ நிறத்தில் வெளுத்திருக்கிறது என்றான். இது மண்ணெண்ணெய் விட்டுக் கழுவியது. ஒன்பது தாளையும் அப்படிச் சொல்லிக்கொண்டே வந்தான். அந்தச் சுவருக்கு முன்னால் நின்றவர்களிலேயே என் படம் புரிந்த ஒரே ஆள் அவன்தான் என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்தான்.

பத்தில் நின்றான். பதினொன்றுக்குப் போனான், பன்னிரண்டுக்குப் போனான், திரும்பப் பதினொன்றுக்கு வந்தான். எல்லா ஆயிலும் கலந்து, நாள் கணக்கில் நின்று ஊறினது இது என்றான். டிரம்மிலிருந்து வந்தது. அவன் குரலில் பரபரப்பு இருந்தது. மூக்கு தாளில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தான்.

"ஒழுகுனப்ப நீ அங்கதான் இருந்தியா? எந்தப் பக்கம் இருந்து வந்துச்சு பாப்பா? குழாய் பக்கமா, மூடி பக்கமா?"

என் படத்தில் அவன் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தான். பழுப்பு வளையங்களில் விரலை வைத்து, எந்த வளையம் முதலில் வந்திருக்கும், எந்தப் பக்கம் விரிந்திருக்கிறது என்று பார்த்தான். நான் அவன் முதுகைப் பார்த்து, ஓட்டை இல்லை, நான்தான் குழாயைத் திறந்து எடுத்து ஊற்றினேன் என்றேன். மூன்று தாள் குறைந்தது என்றேன். தாதாவிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை என்றும் சொன்னேன்.

அவன் நிமிர்ந்தான். அறைவான் என்றுகூட நினைத்தேன், அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் முகத்தில் தெரிந்தது நிம்மதி. ஆறு வாரமாக அந்த முகத்தில் இல்லாத ஒன்று.

"அப்ப டிரம் நல்லாத்தான் இருக்கா?"

நல்லாத்தான் இருக்கு என்றேன். அவன் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தான். உள்ளங்கையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டான். பிறகு, கோபமே இல்லாமல், கணக்கு உதைக்கிறதே என்பவனைப் போலக் கேட்டான்.

"நான் டிரம்முக்கு அடியில படுத்துத் தேடுனப்ப நீதானே டார்ச் புடிச்ச?"

அதை இதுவரை நான் எழுதவில்லை. எழுதாமலே முடித்துவிடலாம் என்று இருந்தேன். ஆமாம், பிடித்தேன். இரண்டு ஞாயிறு, அவன் கை காட்டிய இடத்திலெல்லாம் பிடித்தேன். சரியாகத் தெரிகிறதா என்று நடுநடுவே கேட்கவும் செய்தேன்.